பதனிடாத தோல்

மிருதங்கத்துக்குப் போடுகிற தோலைப் பதனிடக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளுக்குப் போகும் தோல் குரோமிய உப்புக் கரைசலிலோ ஆவாரம்பட்டைச் சாற்றிலோ ஊறி, செருப்புக்கும் பைக்கும் ஏற்ற மென்மையோடு வெளியே வருகிறது. அதை மிருதங்கத்தில் ஏற்றி அடித்தால் சத்தம் கேட்கும், நாதம் கேட்காது. தோலுக்குள் இருக்கும் இழைகள் காய்ந்த பிறகும் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கும்படி செய்வதுதான் பதனிடும் வேலை. மிருதங்கம் செய்யும் எங்களுக்கு வேண்டியது நேர் எதிர். மயிரைச் சுரண்டி, உட்புறச் சவ்வையும் கொழுப்பையும் வழித்து, சுற்றிலும் முளையடித்து இழுத்து வெயிலில் காயப்போடும்போது இழைகள் ஒட்டி இறுகிவிட வேண்டும். சுண்டினால் தகரம் மாதிரி பேச வேண்டும். அடித்த அடியின் வேகத்தைப் பதனிட்ட தோல் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். பச்சையாகக் காய்ந்த தோல் அதைத் திருப்பிக் கொடுக்கும். உமையாள்புரம் சிவராமன் ஐயா பதனிட்ட தோலையும் பதனிடாத தோலையும் வைத்து ஆராய்ச்சியே செய்தவர். மற்ற வித்வான்களில் பலர் தோல் எங்கிருந்து வருகிறது, எப்படிக் காய்கிறது என்று எங்களிடம் கேட்டதுகூட இல்லை. ஆனால் மிருதங்கத்தில் வேறு எந்தப் பொருளைப் பற்றிப் பேசுவதாக இருந்தாலும் தோலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டை, வார், கல், சோறு, ரவை எல்லாமே அந்தத் தோல் பேசுவதற்காகச் சேர்ந்தவை.

தோல் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. தஞ்சாவூரிலிருந்து பிழைப்புக்காக மயிலாப்பூர் வந்து பட்டறை போட்டவர். அவரோடு பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போனால், வியாபாரியிடம் விலை கேட்கும் முன்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "உப்புப் போட்டதா, போடாததா?" பல நாள் கெடாமல் இருக்க உப்புத் தடவி அடுக்குவது மண்டி வழக்கம். செருப்புக்குப் போகிற தோலுக்கு அதனால் கெடுதல் கிடையாது. மிருதங்கத்துக்கு அது ஆகாது. எத்தனை தண்ணீரில் அலசினாலும் இழைக்குள் கொஞ்சம் உப்பு தங்கும். ஐப்பசி அடைமழையில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கச்சேரியின் நடுவே வித்வான் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார், சுருதி இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் அறுத்த அன்றே ஆட்டுத்தொட்டியிலிருந்து நேராகத் தோல் வாங்கிவரும் பழக்கம் எங்களுக்கு. விடியற்காலையில் போய் ஈரமும் சூடும் ஆறாத தோலைக் கையால் தடவிப் பார்த்துத்தான் எடுப்போம்.

ஆட்டுத்தோல் என்றால் வெள்ளாட்டுத்தோல். செம்மறியை நாங்கள் தொடுவதில்லை. செம்மறிக்குக் கம்பளி மயிர் வளரும் மேல் அடுக்குக்கும் அடியில் இருக்கும் தோலுக்கும் நடுவே கொழுப்பு படிந்திருக்கும். காய்ந்த பிறகு அது இரண்டு ஏடாகப் பிரியப் பார்க்கும். வெள்ளாட்டுத்தோலில் இழை நெருக்கம் அதிகம், கொழுப்பு குறைவு. அதிலும் கிடாயை விடப் பெட்டை ஆட்டின் தோலே மேல், மெலிதாகவும் சீராகவும் இருக்கும். மாட்டுத்தோலில் கன்று ஈன்ற பசுவின் தோலைத் தேடுவது எங்கள் தொழிலில் நெடுங்காலப் பழக்கம். விரிந்து சுருங்கிப் பழகிய தோல் இழுவைக்கு இசைந்து கொடுக்கும், ஒரேயடியாக விறைத்து நிற்காது என்பதுதான் பெரியவர்கள் சொன்ன காரணம். என் கையும் அதையேதான் சொல்கிறது.

விலங்கு சரியாக அமைந்தால் மட்டும் போதாது, உடம்பில் எந்த இடம் என்பதும் இருக்கிறது. முதுகுத்தண்டு ஓடிய கோட்டில் தோல் தடிப்பு. அடிவயிற்றில் மெலிவு, இழுத்தால் நீளும். இரண்டுக்கும் நடுவே விலாப்பக்கத்தில்தான் ஒரே கனமான பரப்பு கிடைக்கும். நான் ஒருமுறை ஓரத்தில் வட்டம் போடச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தபோது பெரியப்பா தடுத்தார். "அது வயிறுடா. வார் பிடிச்சா அந்தப் பக்கம் மட்டும் இளகும். வார் கோக்கிற பதினாறு கண்ணும் ஒரே சுருதியில நிக்காது." தோலைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். விலாப்பக்கம் முழுவதும் ஒரே தேன் நிறத்தில் ஒளி ஊடுருவியது. வயிற்றோரம் வெளுத்துத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. உண்ணி கடித்த இடமும் முள் கிழித்து ஆறிய இடமும் அப்படிப் பிடித்தால்தான் கண்ணில் படும்.

மிருதங்கத்தின் வலப்பக்க வாய் வலந்தலை. அதன் மூட்டு மூன்று தட்டுத் தோல் சேர்ந்தது. மேலே வெட்டுத்தட்டு, மாட்டுத்தோல். நடுவில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டதால் வளையமாக நிற்பது. அதற்குக் கீழே கொட்டுத்தட்டு, ஆட்டுத்தோல். இதுதான் முழு வட்டம், நடுவே பூசும் கறுப்புச் சோற்றைத் தாங்குவதும் இதுதான். அடியில் உள்கரைத்தட்டு, மறுபடி மாட்டுத்தோல். கட்டையின் வாய் விளிம்பு ஆட்டுத்தோலை அறுத்துவிடாமல் மெத்தையாக இருப்பது. எல்லாவற்றையும் ஒரே தோலில் செய்தால் என்ன என்று கற்றுக்கொள்ள வரும் பையன்கள் கேட்பார்கள். மீட்டுச் சொல் ஆள்காட்டி விரல் வெட்டுத்தட்டில் விழும்போது பிறக்கிறது. அந்த அடியை நாள்தோறும் தாங்கக் கனமான மாட்டுத்தோல் வேண்டும். சாப்பு என்னும் சொல்லுக்குச் சோற்றின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய ஆட்டுத்தோல் துள்ள வேண்டும். முழுத் தட்டையும் மாட்டுத்தோலில் செய்தால் சாப்பு மொந்தையாகிவிடும். முழுத் தட்டையும் ஆட்டுத்தோலில் செய்தால் மீட்டு கீச்சென்று ஒலிப்பதோடு, ஒரு மார்கழிக்கே கிழிந்துவிடும். ஒரே வாயில் இரண்டு குரல் வேண்டியிருப்பதால் இரண்டு விலங்கின் தோல் சேர்ந்திருக்கிறது.

இவற்றுக்கு நடுவேயும் வேலை இருக்கிறது. வெட்டுத்தட்டுக்கும் கொட்டுத்தட்டுக்கும் இடையில் நொய் போல உடைத்த கல்லை வைத்தால் அது கப்பி மிருதங்கம். மெல்லிய குச்சித் துண்டுகளைச் சுற்றிலும் செருகினால் குச்சி மிருதங்கம். இரண்டும் சாப்பின் ஓரத்தில் ஒரு மினுமினுப்பைச் சேர்க்கும். கப்பியில் அந்த மினுமினுப்பு அடங்கி ஒலிக்கும், குச்சியில் தூக்கலாகத் தெரியும். பாட்டுக்காரர் குரல் கேட்டு, வித்வானின் விரல் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்வோம். எனக்குக் கப்பிதான் பிடிக்கும். விளம்ப காலத்தில் அதன் சாப்புக்கு இருக்கும் கனிவு குச்சியில் கிடைப்பதில்லை.

இனி சோறு. வலந்தலையின் நடுவே இருக்கும் அந்தக் கறுப்பு வட்டத்தைக் கரணை என்றும் சொல்வார்கள், பட்டறையில் சோறு என்போம். கிட்டான் என்ற கறுப்புக் கல்லை இடித்து, துணியில் சலித்து, மைபோல் ஆக்கி, குழைய வடித்த சோற்றோடு சேர்த்துப் பிசைவோம். இரும்புச்சத்துள்ள கல் அது. அளவில் சிறிதானாலும் எடை கூடுதல். முதலில் கல் கலக்காத வெறும் சோற்றை மெல்லிசாகத் தேய்த்துத் தோலைப் பிடிக்க வைக்க வேண்டும். பிறகு பிசைந்ததில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் வட்டமாக இழுத்து, வழவழப்பான கூழாங்கல்லால் காயும் வரை தேய்க்க வேண்டும். அது காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, மறுபடி தேய்ப்பு. பூச்சு ஏற ஏற வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவதால் நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாக அமையும். நாள் முழுக்க இந்த வேலைதான். அவசரப்பட்டு ஒரே பூச்சாகத் தடிமனாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், மறுநாள் அடித்ததும் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

தேய்க்கும் வேலையின் பலன் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. நல்ல சோற்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். முழுப்பரப்பும் மயிரிழை வெடிப்புகளால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மணிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மணியும் அடியில் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்து மணியோடு மட்டும் ஒட்டாது. அதனால் தோலுக்கு எடை கூடும், விறைப்பு கூடாது. தோல் வளைந்து அதிர முடியும். இதற்குத்தான் அரிசிச்சோறு. காய்ந்தால் இறுகப் பிடிக்கும், அதே சமயம் நொறுங்கும் தன்மையும் அதற்கு உண்டு. தச்சர்கள் பயன்படுத்தும் பசையில் கல்தூளைக் குழைத்துப் போட்டவர்கள் உண்டு. பசை ஏடு மாதிரி ஒரே துண்டாகக் காய்ந்து தோலைக் கவ்விக்கொள்ளும், வெடிக்காது. அந்த மிருதங்கம் தோலின் மேல் பலகை ஒட்டினாற்போல டொக்கென்று அடங்கிவிடும். வெடிப்பு விழுவதுதான் சோற்றின் வேலை என்று வாங்க வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெடிப்பைப் பார்த்ததும் பழுது என்று மூட்டைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தச் சோறு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்னவர் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். கல்கத்தாவில் இருந்தபோது, 1920-இல், சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். 1934-இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் விரிவாக எழுதினார். வெறும் வட்டத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதத்தில் வரும். எதுவும் எதனோடும் சேராது. பறையும் வெளிநாட்டு டிரம்மும் ஒரு சுரத்தில் நில்லாமல் ஒலிப்பது அதனால்தான். அவற்றின் அழகு வேறு. நடுவில் சரியான அளவில் எடை ஏறிய தோலில் அந்த அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்று முழு எண்களுக்கு வந்து சேருகின்றன. தம்பூராத் தந்தியில் வரும் அதே வரிசை. தோல் மேல் நுண்மணலைத் தூவி, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்குவதை ராமன் பார்த்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் கூடி நிற்பதைக் காட்டினார். மீட்டு வாசிக்கும்போது மோதிரவிரல் சோற்றின் மேல் லேசாகப் பட்டு நிற்கிறதே, அந்த இடத்தில் தோல் அதிராத கோடு விழுகிறது. முதல் சுரம் அடங்கி இரண்டாவது சுரம் மட்டும் தெளிவாக எழும்புகிறது.

பெரியப்பாவுக்கு ராமன் பெயர் தெரியும், கட்டுரை தெரியாது. அவர் சோற்றைத் தேய்த்துக்கொண்டே நடுநடுவே மீட்டும் சாப்பும் தட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒரே ஆதார சட்ஜத்தோடு சேராவிட்டால், "ஓரத்துல இன்னும் ஒரு இழு இழு" என்பார். அல்லது கூழாங்கல்லால் நடுவைக் கொஞ்சம் தேய்த்துக் குறைப்பார். ராமன் விகிதமாக எழுதியதைத்தான் அவர் காதால் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த இரண்டு அறிவுக்கும் நம் ஊரில் கிடைத்த மரியாதை ஒன்றாக இல்லை என்பது எனக்கு வருத்தம்.

கட்டைக்குப் பலா. வேம்பிலும் வேறு மரங்களிலும் கடைந்ததுண்டு, ஆனால் சுற்றிச் சுற்றிப் பலாவுக்கே வந்து சேர்கிறோம். வாயில் தோலை இழுத்துக் கட்டும்போது இரண்டு பக்கமும் வார் கட்டையை நெரிக்கிறது. நேரான இழை ஓடும் மரமாக இருந்தால் நீளவாக்கில் பிளக்கும். பலாவின் இழை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடுவதால் அந்த நெரிசலைத் தாங்குகிறது. பால் மரம் என்பதால் வைரம் பாய்ந்த பகுதியைக் கறையானும் வண்டும் எளிதில் தீண்டுவதில்லை. எடையும் நடுத்தரம். கருங்காலி மாதிரி கனத்த மரத்தை உள்ளே குடைவதும் கடினம், தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதும் கடினம். லேசான மரத்தில் செய்தால் தோலோடு கட்டையும் சேர்ந்து அதிர்ந்து, நாதத்தில் பாதியைக் கட்டையே தின்றுவிடும். கட்டை அசையாமல் நிற்க வேண்டும், தோல் மட்டும் அசைய வேண்டும். "கட்டைதான் நாதம்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அருமையான கட்டையில் மோசமான மூட்டை ஏற்றினால் மோசமாகத்தான் ஒலிக்கும். சுமாரான கட்டையில் நல்ல மூட்டு ஏற்றினால் கச்சேரி நடக்கும். அதற்காகக் கட்டையைத் தேர்ந்தெடுப்பதில் அலட்சியம் கூடாது. நல்ல மூட்டும் நல்ல கட்டையும் சேரும்போது மீட்டின் நாதம் நீண்டு நிற்பதைக் கேட்டால் யாரும் அலட்சியம் காட்ட மாட்டார்கள்.

பலா என்றால் பண்ருட்டி. வீணைக்கும் அங்கிருந்துதான், எங்களுக்கும் அங்கிருந்துதான். செம்மண்ணில் நின்று முதிர்ந்த மரத்தை வெட்டி, துண்டுபோட்டு, உள்ளே அரைகுறையாகக் குடைந்து நிழலில் போட்டுவிடுவார்கள். முழுத் துண்டாகக் காயப்போட்டால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் நிற்க, வெடித்துவிடும். குடைந்து வைத்தால் உள்ளும் புறமும் சேர்ந்து காயும். புதிதாகக் கடைந்த பலா நல்ல மஞ்சளாக இருக்கும், போகப் போகப் பழுப்பேறும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அடுத்த சில மாதம் மரம் மலிவாகக் கிடைத்தது. அந்த விலையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் எங்கள் தொழிலில் யாரும் இல்லை. வைரம் பாய்ந்த பலாவாக ஒரு கன்று முதிர ஒரு தலைமுறை ஆகும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மரங்களையும் கொண்டுபோனது. இன்று வருகிற கட்டையில் வைரம் பாயாத வெளிமரம் கலந்து வருவதற்கு அந்த இரண்டு இரவுகளும் காரணம்.

கட்டையின் நீளமும் வாயின் அகலமும் சுருதியைப் பொறுத்தவை. ஆண் குரலுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் வாசிப்பதற்குத் தக்கு மிருதங்கம். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டையில் வாசிப்பதற்கு ஹெச்சு மிருதங்கம். தக்குக் கட்டை 24 அங்குலம் வரை நீளும், ஹெச்சுக் கட்டை 22 அங்குலத்தில் அடங்கும். ஹெச்சுக்கு மெல்லிய கொட்டுத்தட்டைத் தேட வேண்டும், இழுவையும் அதிகம் என்பதால் சீக்கிரம் கிழியும். தக்கில் தோல் தளர்ந்து நின்று பேச வேண்டியிருப்பதால் சோற்றின் எடை கூடும். ஒரே மிருதங்கத்தை வைத்துக்கொண்டு எல்லாக் குரலுக்கும் வாசிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

வாருக்கு எருமைத்தோல். ஒரே தோலில் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருளாக அறுத்துக்கொண்டே போனால் முடிச்சில்லாத நீண்ட வார் கிடைக்கும். இரண்டு மூட்டையும் பதினாறு கண் வழியாகக் கோத்து இழுத்துப் பிடிக்கும்போது அது நீளக் கூடாது. நைலான் கயிறு இழுவையில் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். இப்போது நட்டு போல்ட் போட்ட மிருதங்கம் நிறைய வருகிறது. வெளியூர், வெளிநாடு போகிறவர்களுக்கு ஆள் துணையில்லாமல் மூட்டு மாற்றிக்கொள்ள வசதி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வாரில் ஒரு கண்ணைத் தட்டினால் பக்கத்துக் கண்ணும் கொஞ்சம் இசைந்து கொடுக்கும். போல்ட்டில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி. பழகிய காதுக்கு அந்த வித்தியாசம் கேட்கும்.

இடப்பக்க வாயான தொப்பியில் மேலே எருமைத்தோல் வளையம், உள்ளே ஆட்டுத்தோல். இதற்கு நிரந்தரச் சோறு கிடையாது. கச்சேரிக்கு முன்பு ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்பி, முடிந்ததும் வழித்துவிடுவார்கள். ரவையின் எடை தோலின் சுருதியை இறக்கும், ஈரம் அதன் சத்தத்தை மிருதுவாக்கும். ஏன் ரவை? மைதாவோ கோதுமை மாவோ வழவழவென்று ஒட்டிக்கொண்டு, காயும்போது தோலோடு இறுகி, எடுக்கும்போது தோலின் மேல் ஏட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். ரவை மணி மணியாக நின்று நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளங்கையால் உருட்டினால் முழுதாக வந்துவிடும். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி அந்த ஈரத்தை நம்பித்தான் இருக்கிறது. ரவை காய்ந்துபோனால் கும்கியில் குழைவு போய்விடும். அதனால்தான் நீண்ட தனியாவர்த்தனத்துக்கு முன்பு வித்வான் விரலை நனைத்துத் தடவிக்கொள்வதைப் பார்க்கிறோம். ரவைக்குப் பதிலாக ஒட்டி எடுக்கும் செயற்கைப் பசை இப்போது வந்திருக்கிறது. ஈரம் படாததால் தொப்பியின் ஆயுள் கூடுகிறது. நல்ல சேர்க்கை என்றே நினைக்கிறேன்.

மிருதங்கத்தை விட்டுக் கொஞ்சம் விலகிக் கஞ்சிராவைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் கையில் பெருமை பெற்ற அந்தச் சின்ன வாத்தியத்துக்கு உடும்புத்தோல் போட்டுவந்தார்கள். உடும்பின் தோலைப் போல் மெலிதாகவும் இழுத்த இழுப்புக்கு நீண்டு திரும்பவும் வேறு தோல் கிடைக்கவில்லை. உள்பக்கம் தண்ணீர் தெளித்து, இடக்கை விரலால் விளிம்பருகே அழுத்தி, கீழ்ச் சுருதியிலிருந்து மேலே இழுத்துக்கொண்டு போகலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு காக்கப்பட்ட விலங்கு. அதைக் கொன்று வாத்தியம் செய்வது குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இன்று ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் செய்கிறார்கள். கஞ்சிரா நிற்கவில்லை. வாசிப்பவர்கள் விரல் அழுத்தத்தை மாற்றிக்கொண்டார்கள். பொருள் மாறினால் வாத்தியம் செத்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் கஞ்சிராவைத்தான் காட்டுவேன்.

மாட்டுத்தோல் கிடைப்பதும் சிக்கலாகிவிட்டது. 2017 மே மாதம் கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதியை மத்திய அரசு கொண்டுவந்தபோது எங்களுக்கு மூட்டு போடத் தோல் வருமா என்ற கவலை வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது. இருந்தாலும் தோல் ஏற்றி வருகிறவர்களுக்கு வழியில் இருக்கும் பயம் போய்விடவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலித் சமூகங்களிலிருந்து வந்தவர்கள், பலர் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு வாத்தியம் செய்த பர்லாந்து போன்ற சிலரின் பெயர்தான் வெளியே தெரியும். 2020-இல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று எங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அது வந்த பிறகுதான், மூட்டு கொடுக்கப் போகும் சில வீடுகளில் முன்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். அதற்கு முன்பு பெரியப்பா உட்கார்ந்தது கொல்லைப்புறத் திண்ணையில். அவர் கையில் இருந்த தோல் தீட்டு, அதே தோல் மேடையில் தெய்வீகம். பச்சைத் தோலைத் தொட்டு, மோந்து, இழுத்துப் பார்க்காமல் மிருதங்கம் கிடையாது. அந்தக் கையை ஒதுக்கிவிட்டு நாதத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்று நினைத்ததுதான் இந்தக் கலைக்கு நடந்த பெரிய கேடு.

ஃபைபரா, தோலா என்று வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் கேட்கிறார்கள். ஃபைபர் கட்டையை அறிமுகம் செய்தவர் உமையாள்புரம் ஐயாதான். பெங்களூரின் கே. வரதரங்கன் பாலியஸ்டர் தோலும் ஃபைபர் கட்டையும் சேர்த்துச் செய்த ஸ்ரீ மிருதங்கமும் பல நாடுகளில் பழக்கத்துக்கு வந்திருக்கிறது. குளிரில் ஹீட்டர் போட்ட வீட்டில் தோல் மூட்டு விறைத்து வெடிக்கும். அங்கே பயிற்சிக்குச் செயற்கைத் தோல் நல்லது என்றே சொல்கிறேன். மூட்டு மாற்ற ஆள் இல்லாத ஊரில் அது குழந்தைக்கு வாத்தியத்தை விட்டுப்போகாமல் காப்பாற்றும்.

பாலியஸ்டர் படலத்தில் நம் முறைப்படி சோறு போட முடியுமா என்று பார்க்க ஒரு பொறியாளர் பட்டறைக்கு வருகிறார். அவருக்காகச் சோறு தேய்த்தேன். மேலே அழகாகப் படிந்தது, காய்ந்ததும் ஏடாகக் கழன்று வந்துவிட்டது. தோலில் சோறு இழைகளுக்குள் இறங்கி வேர் பிடிக்கிறது, படலத்தில் இறங்க இடம் இல்லை. படலத்தின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கிக் கொண்டுவந்தார். அதில் சோறு நின்றது, வெடிப்பும் ஓரளவு விழுந்தது. சாப்பு வந்தது, தெளிவான சாப்பு. மீட்டுதான் வரவில்லை. ஓரமும் நடுவும் ஒரே கனத்தில் இருப்பதால், விரல் விளிம்பில் விழுந்தாலும் சத்தம் நடுவிலிருந்தே வருகிறது. மாட்டுத்தோல் வளையம் செய்கிற வேலையைச் செய்ய விளிம்பில் இன்னொரு அடுக்கு வேண்டும், அது அடிப்படலத்தோடு ஒட்டாமல் மேலே படிந்து மட்டும் கிடக்க வேண்டும் என்று சொல்லி, பழைய வெட்டுத்தட்டு ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தனுப்பினேன். தொப்பிக்கு வரும்போது கும்கியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.